பச்சைமலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில் உன் மனைவி இருந்தாள்

இளங்கோவுக்கு,

"அன்புள்ள" என்று போடவில்லை. மறந்துபோய் விட்டதாக நினைத்துக்கொள்ளாதே, வேண்டுமென்றேதான் விட்டேன். நேற்று நம் உரக்கடைக்கு ஆண்டிமடத்திலிருந்து ஒருவர் வந்தார். முந்திரிக்கு அடிக்கிற மருந்து கேட்க வந்த மனுசன், அதை விட்டுவிட்டு, "ஏங்க, உங்க மவனும் மருமவளும் கோயிலு மலைன்னு சுத்துன வீடியோவப் பார்த்தேங்க. பாவம், அந்தப் பொண்ணுக்கு வயித்துல தங்காமப் போயிருச்சாமே" என்றார். அவர் யாரோ, நான் யாரோ. என் மருமகளுக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது, எல்லாம் உன் புண்ணியத்தில். ஊர் பார்க்க நீ போட்டாய், அதனால் ஊர் பார்க்கவே நானும் பதில் எழுதுகிறேன். சுகன்யாவிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "எழுதுங்க அத்தை, மறைக்கறதுக்கு இன்னும் என்ன இருக்கு" என்றாள். போனில் சொன்னால் "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டே வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். எழுத்தென்றால் கண்ணையாவது ஓட்டித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பயணத்தை முதலிலிருந்து உனக்குச் சொல்லப்போகிறேன். உனக்கே ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்காதே. நீ அதில் இருந்தாயே தவிர எதையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் பெங்களூர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு மாற்றம் வேண்டும் என்று நீ முடிவு செய்தாய். அதுவரைக்கும் சரி. பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்திருந்தால் அதுவே பெரிய மாற்றமாக இருந்திருக்கும், அது உனக்குத் தோன்றவில்லை. காரைத் துடைத்தாய், லீவு போட்டாய், நம் ஊர்ப் பக்கத்துக் கோயில்களையும் பச்சைமலையையும் சேர்த்து ஒரு திட்டம் போட்டாய். வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது டிக்கியில் அவள் பெட்டிக்கு இடம் இல்லை. அது அவள் மடியில் இருந்தது. டிக்கி நிறைய ஸ்டாண்டும் விளக்கும் கேமராவும். உங்கப்பா அந்த மூன்று கால் ஸ்டாண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்குப்பா, தெளிப்பான் மாட்டவா?" என்று கேட்டார். நீ பெரிய மனுசன் போலச் சிரித்தாய். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, மருந்து தெளித்திருந்தாலாவது செடிக்கு ஆகியிருக்கும்.

கங்கைகொண்டசோழபுரம் வரைக்கும் நாங்களும் கூட வந்தோம். அதனால் அங்கே நடந்தது யாரும் சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை. அவளை வாசலிலிருந்து நந்தி வரைக்கும் நடக்கவிட்டாய். பிறகு திரும்பி வரச் சொன்னாய். பிறகு மறுபடி. "மெதுவா வா, மேல பாரு, முதல் தடவை பாக்குற மாதிரி பாரு." குன்னத்துப் பெண் அவள், பள்ளிக்கூடத்திலிருந்து அந்தக் கோயிலுக்கு எத்தனை தடவை கூட்டி வந்திருப்பார்கள். உடம்பு தேறாதவள் வெயிலில் புல்தரையில் நடந்துகொண்டே இருந்தாள். நான் "போதும்டா" என்றேன். "அம்மா, வீடியோல உங்க வாய்ஸ் விழுது" என்றாய். பிறகு நீ கேமரா முன்னால் நின்றுகொண்டு இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று உலகத்துக்கு அறிவித்தாய். நீ அதைச் சொல்லும்போது உங்கப்பாவும் நானும் வெயிலுக்கு ஒதுங்கி நின்றிருந்ததே அந்த நிழலில்தான். இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டினவன் செத்தும் நிம்மதியாக இல்லை, உன் வாயில் விழ வேண்டியிருக்கிறது.

கல்லங்குறிச்சியில் நாங்கள் இல்லை, சுகன்யா சொன்னதுதான். அங்கே பெருமாள் கம்பமாக நிற்கிறார். விளைந்ததில் முதல் மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் தலைச்சுமையோடு வந்து நின்றபோது, "சார், ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று நீ சொன்னாயாம். பெருமாளுக்குக் கொண்டுவந்தவர் உனக்காகத் தள்ளி நின்றாராம். அவர் நல்லவர். நானாக இருந்தால் மூட்டையை உன் காலில் இறக்கியிருப்பேன்.

இதெல்லாம் கூட நான் விட்டுவிடுவேன். வெட்கமில்லாமல் பல்லை இளித்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் நீயும் ஒருத்தன் என்று நினைத்துக்கொள்வேன். உன் முதல் வீடியோவைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டியவள் நான், அந்த வெட்கமும் எனக்கு இருக்கிறது. விட முடியாதது சிறுவாச்சூர்.

இந்தப் பயணம் முழுக்க அவள் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு, வயிற்றில் மாவிளக்கு ஏற்றுகிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே வேண்டிக்கொண்டிருக்கிறாள். அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்று அவள் சொன்னதற்கு, "வாரத்துல ரெண்டு நாளா? நம்ம பிளானே மாறுதே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயாமே. அம்மன் உன்னைக் கேட்டு நடை திறக்கவில்லை என்று உனக்குக் கோபம். எப்படியோ வெள்ளிக்கிழமைக்குப் போய்ச் சேர்ந்தீர்கள். குன்னத்தில் அவள் அப்பா வீட்டுப் பச்சரிசியைத் துணிப்பையில் கட்டிக் கையோடு எடுத்து வந்திருந்தாள். அந்தக் கோயில் வழக்கம் உனக்குத் தெரியாமல் இல்லை, சின்ன வயதில் உன்னை நானே கூட்டிப் போயிருக்கிறேன். அரிசியைக் கோயிலிலேயே ஊறப்போட வேண்டும், வடித்துத் துணியில் உலர்த்த வேண்டும், அங்கேயே உரலில் போட்டு இடிக்க வேண்டும். ஈரம் இருக்கிற மாவில் வெல்லத்தைப் போட்டுப் பிசைந்தால்தான் விளக்கு நிற்கும். ஒரு காலை நேரம் முழுக்க ஆகும், ஆகட்டுமே. இடிக்கிற நேரம்தான் அங்கே வேண்டுதல். பக்கத்து உரல்காரியோடு பேசிக்கொண்டே, யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுக்கொண்டே, உலக்கையை மாற்றி மாற்றிப் போடும்போதுதான் மனசில் இருப்பது இறங்கும்.

நீ என்ன செய்தாய்? மலையில் சாயங்கால வெளிச்சம் போய்விடும் என்று, பெரம்பலூரில் ஒரு மளிகைக் கடையில் மாவு பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டாய். அதுவும் என்ன மாவு? இடியாப்ப மாவு! வறுத்துப் பொடித்த மாவு! அம்மனுக்கு இடியாப்ப மாவில் விளக்குப் போடப் போன முதல் ஆள் இந்தச் சீமையில் நீயாகத்தான் இருப்பாய். "அரிசி மாவுதானே, எல்லாம் ஒண்ணுதான்" என்றாயாம். அவள் துணிப்பை அவிழாமலே கிடந்தது. அந்த வறண்ட மாவு வெல்லத்தையும் நெய்யையும் குடித்துவிட்டுப் பொலபொலவென்று உதிர்ந்திருக்கிறது. அதைக் கையால் இறுக்கிப் பிடித்து ஒரு குழி பண்ணி, வாழையிலையைப் போட்டு அவள் வயிற்றின் மேல் வைத்து ஏற்றினீர்கள். நீ ஸ்டாண்டைப் போட்டுவிட்டுத் தலைமாட்டில் நின்றாய். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மாவு விண்டு, சூட்டு நெய் இலையைத் தாண்டி இடுப்பில் வழிந்துவிட்டது.

அந்தத் தழும்பை நான் பார்த்தேன். பெரிதில்லை, மறைந்துவிடும். பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா உலக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "எந்திரி தாயி, எந்திரி. என்னா மாவு இது? இந்தா, எம் மாவுல ஒரு உருண்டை எடுத்துக்க. உனக்கும் சேத்துத்தான் இடிச்சேன்னு வச்சுக்க" என்று அள்ளிக் கொடுத்திருக்கிறார். முன்பின் தெரியாத பெண். உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்க வேண்டிய இடம் அது. நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? சுகன்யாவுக்கு நினைவிருக்கிறது, ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். "சூப்பர். இதையும் எடுத்துடலாம். முன்னாடி எடுத்ததுல சுடர் சரியா விழல. இன்னொரு தடவ படு."

இன்னொரு தடவை படு. பிள்ளையைப் பறிகொடுத்த வயிற்றைக் காட்டிக்கொண்டு, வெளிச்சம் சரியாக விழவில்லை என்பதற்காக, இன்னொரு தடவை படு. என் வயிற்றில் பிறந்தவன் வாயிலிருந்து வந்த வார்த்தை இது. எனக்கு அருவருப்பாக இருக்கிறது இளங்கோ. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அவள் படுக்கவில்லை. அந்த அம்மா கொடுத்த மாவைப் பிடித்து, எல்லோரும் வைக்கிற இடத்தில் விளக்காக வைத்து ஏற்றிக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறியிருக்கிறாள். "மூட் அவுட்டா?" என்று நீ கேட்டாயாம். துறையூர் வழியாக மலையடிவாரம் போய்ச் சேரும் வரைக்கும் அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லையாம். அதையும் நீ கவனிக்கவில்லை, பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தாயாம்.

உங்கப்பாவைப் பற்றி எனக்கு ஒன்றும் உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது, உனக்கே தெரியும். கல்யாணமான புதிதில் என்னைக் கொல்லிமலைக்குக் கூட்டிப் போனார், அவர் மச்சான் வேனில். அருவியைப் பார்த்தாரா, மலையைப் பார்த்தாரா? வழி நெடுக டிரைவரோடு கடலை விலை பேசிக்கொண்டு வந்தார். எனக்கோ ஒவ்வொரு வளைவுக்கும் குடலைப் புரட்டியது. "சோத்தத் தின்னுட்டு மலை ஏறாதன்னு சொன்னனா இல்லியா?" என்று அத்தனை பேருக்கு முன்னால் திட்டினார். திட்டிக்கொண்டே ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பையை ஏந்திக்கொண்டு, கீழே இறங்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் நாறிப்போனது. அழகாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுசன்தான், ஆனால் அந்தப் பையை யாரிடமும் கொடுக்கவில்லை. எங்களிடம் அந்தப் பயணத்துக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

உன்னிடம் இந்தக் குணம் இன்றைக்கு வந்ததுமில்லை. உங்கப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது நீதான் எல்லாம் பார்த்தாய். டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினாய், ரூம் மாற்றினாய், நல்ல சாப்பாடு வரவழைத்தாய். சொந்தக்காரர்களெல்லாம், "புள்ளன்னா இப்படி இருக்கணும்" என்றார்கள், நானும் பூரித்துப்போய் நின்றேன். ஆனால் அவர் கண் விழித்ததும் கையை நீட்டி, "இளங்கோ, கொஞ்ச நேரம் இப்படி உக்காருப்பா" என்றார். "செல்லுல சார்ஜ் போட்டுட்டு வரேம்ப்பா" என்று போனாய். டிஸ்சார்ஜ் ஆகும் வரை அந்த நாற்காலியில் நீ உட்காரவே இல்லை. அன்றைக்கு உன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், நீ வலி இருக்கிற இடத்தில் உட்காரப் பயப்படுகிறவன். ஓடுவதற்கு உனக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும், அப்போது சார்ஜர், இப்போது கேமரா. கோழை என்றே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைப்பானேன்.

பச்சைமலைக்கு வருவோம். மேலே ஒரு டீக்கடைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு, உன் பறக்கும் கேமராவைக் கிளப்பினாய். "நீ கார்லயே இரு, நான் கை காட்டும்போது கண்ணாடிக்கு வெளிய கைய நீட்டு, துப்பட்டா காத்துல பறக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒரு பாறை மேல் ஏறி நின்றுகொண்டாய். அப்போதுதான் துறையூருக்கு இறங்குகிற பஸ் வந்து நின்றது. அவள் சாவியை டீக்கடை அம்மாவிடம் கொடுத்தாள். "எங்கம்மா போறே? உங்கூட்டுக்காரரு அந்தா நிக்கிறாரே" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். "அவரு வேலையா இருக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள். நீ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். வாயில் ஈ போனால்கூடத் தெரிந்திருக்காது.

அந்த பஸ் மலையில் வளைந்து வளைந்து இறங்குவதை மேலிருந்து எடுத்திருக்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது, பச்சைக்கு நடுவில் சின்னதாக, அழகாக. அதைத்தான் வீடியோவில் புல்லாங்குழல் வைத்துப் போட்டிருக்கிறாய். அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உன் பெண்டாட்டி உன்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். எடுக்கும்போது உனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெங்களூரில் உட்கார்ந்து அதை வெட்டி ஒட்டும்போது தெரியும். தெரிந்தும், படம் நன்றாக வந்திருக்கிறது என்று போட்டாய் பார், அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

அன்று ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் நான் மூட்டைகளை உள்ளே தள்ளச் சொல்லிக்கொண்டிருந்தேன். துறையூர், பெரம்பலூர், அரியலூர் என்று பஸ் மாறி மாறி வந்து, கடை வாசலில் பெட்டியும் அந்தத் துணிப்பையுமாக நின்றாள். பெரம்பலூரில் இறங்கியவள் நேராகக் குன்னத்துக்கே போயிருக்கலாம், அது கிட்ட. நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். "அங்க போனா அம்மா அழுவும் அத்தை. அப்பா சண்டைக்குக் கெளம்பிருவாரு. நீங்க அழ மாட்டீங்க. அதான் இங்க வந்துட்டேன்" என்றாள். சரி என்று உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டேன். அந்தப் பச்சரிசியை நான் இன்னும் எடுத்துக் கொட்டவில்லை, பை அப்படியே இருக்கிறது.

நீ போன் பண்ணினாய். பதறி அடித்துக்கொண்டு ஓடி வருவாய் என்று உங்கப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ என்ன கேட்டாய்? "அவ அங்கதான் இருக்காளா? அப்பாடா. எனக்கு திங்கக்கிழமை ஆபீஸ் இருக்கும்மா, நான் கெளம்பறேன். ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும், பஸ்ல ஏத்தி விட்டுருங்க." பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாயா? உரக்கடையடா வைத்திருக்கிறேன். அவள் இங்கே வந்து வாரங்கள் ஓடிவிட்டன. இதற்குள் உன் கார் இந்தப் பக்கம் திரும்பவில்லை, வீடியோதான் வந்தது.

இப்போது நடக்கப்போவதைச் சொல்கிறேன். வீடியோ குன்னத்துக்கும் போய்விட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவும் தாய்மாமனும் அவளை அழைத்துப்போக வருகிறார்கள். உன் மாமனாரை நீ வெறும் மக்காச்சோளம் போடுகிறவர் என்று நினைத்திருக்கலாம். என்னிடம் போனில் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை அவர். "எம் பொண்ணு வரேன்னு சொன்னா கூட்டிக்கிட்டுப் போறோம் சம்மந்திம்மா, இருக்கேன்னா விட்டுட்டுப் போறோம். ஆனா ஒருக்கா வந்துட்டா, திருப்பி அனுப்ப மாட்டேன்" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது, நீயே சொல்.

அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டாள். அந்த வீடியோவின் கடைசியில் நீ தனியாக உட்கார்ந்து, எங்கள் குழந்தை என்று ஆரம்பித்து, பேச முடியாமல் நிறுத்தி, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாய் அல்லவா, அதைப் பற்றி. "அத்தை, ஆஸ்பத்திரியிலயும் அவரு அழல, வூட்டுக்கு வந்தும் அழல. அதுல மட்டும் கண்ணத் தொடைக்கிறாரே, அது நெசமா அத்தை? நீங்க பெத்தவங்க, பாத்தா உங்களுக்குத் தெரியும்ல?"

நீ சின்னவனாக இருந்தபோது அடுப்படியில் இருந்துகொண்டே, கூடத்தில் நீ அழுகிற அழுகை உண்மையா நடிப்பா என்று நான் சொல்லிவிடுவேன். போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டுக்கூடப் பார்த்தேன். சுகன்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெசம்தான்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இருந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். "எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வா. உண்மை என்றால் அவள் எதிரில் உட்கார்ந்து அதைச் சொல், உன் முகத்தைப் பார்த்து அவள் முடிவு செய்துகொள்ளட்டும். பொய் என்றால் நீ வர வேண்டாம். குன்னம் வரைக்கும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போகிறேன்.

அம்மா